கடலோர வானொலிக்கு மிக்சர் வாங்கும் முன்: இரண்டு முறை வாங்கியவனின் குறிப்புகள்

எங்கள் அறக்கட்டளைக் கூட்டத்தில் "மிக்சர் வாங்க வேண்டும்" என்று நான் சொன்னபோது, பொருளாளர் அதைத் தேநீர்ச் செலவுக் கணக்கில் குறித்துக்கொண்டார். ஒலியைக் கலக்கும் கருவி என்று விளக்கிய பிறகு, "பெட்டிக்கடையில் கிடைக்காதா?" என்றார். சிரித்தோம். கடைசியில் நானும் ஏறக்குறைய அப்படித்தான் வாங்கினேன். ஊர் ஊராகத் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுபவர் சொன்ன பெயரைக் கேட்டு, 28,000 ரூபாய்க்கு ஒரு மேடை மிக்சர். எட்டு மாதத்தில் அதை ஓரங்கட்டிவிட்டு வேறொன்று வாங்க வேண்டியதாயிற்று.

மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடைப்பட்ட கரையில், இரண்டு அறை கொண்ட சமுதாய வானொலி எங்களுடையது. தொண்டியிலோ கீழக்கரையிலோ மூக்கையூரிலோ ஒரு நிலையம் தொடங்கும் எண்ணத்தில் நீங்கள் இருந்தால், நான் கொடுத்த இரண்டாவது விலையை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். வரிசையை மாற்றினால்தான் சிக்கல்.

1. பெயரைப் பார்க்கும் முன் எண்ணிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் நிகழ்ச்சிகளிலேயே மிகவும் நெரிசலானது எதுவோ அதை எழுதுங்கள். எங்களுக்கு அது செவ்வாய்க்கிழமை பெண்கள் நேரம். கடற்பாசி எடுக்கும் பெண்கள் மூவர், அறிவிப்பாளர் ஒருவர், ஆக நான்கு மைக். பாடலுக்கும் விளம்பரத்துக்கும் ஒரு கணினி. நேயர் அழைப்புக்கு ஒரு கைப்பேசி. கள ஒலிப்பதிவை ஓட்ட இன்னொரு வழி. இதுதான் உங்கள் உள்ளீடுகளின் எண்ணிக்கை. அதன் மேல் இரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பெட்டியின் மீது '12' என்று போட்டிருந்தால் பன்னிரண்டு மைக் செருகலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்டீரியோ வழி (சேனல்) ஒவ்வொன்றையும் இரண்டாக எண்ணிப் போடுவது வழக்கம். மைக் செருகும், மூன்று முனை கொண்ட எக்ஸ்.எல்.ஆர். துளைகளை மட்டும் எண்ணுங்கள்.

வெளியீட்டையும் எண்ண வேண்டும். இதை நான் மறந்தேன். ஒலிபரப்பான நிகழ்ச்சிகளை மூன்று மாதம் சேமித்து வைத்திருக்க வேண்டும் என்பது சமுதாய வானொலிக்கான நிபந்தனை. எனவே டிரான்ஸ்மிட்டருக்கு ஒரு வெளியீடு, பதிவுக் கணினிக்கு ஒன்று, அறையில் கேட்க ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலாகத் தொலைபேசிக்குத் தனியாக ஒன்று.

2. நேயர் அழைப்பை எப்படிக் கையாளுகிறது என்று கேளுங்கள்

மேடை மிக்சரையும் வானொலி மிக்சரையும் பிரிக்கும் கோடு இதுதான். மேடையில் யாரும் தொலைபேசியில் கூப்பிடுவதில்லை.

அழைப்பவர் பேசுவது நேயர்களுக்குப் போக வேண்டும். அறிவிப்பாளர் பேசுவது அழைப்பவருக்குப் போக வேண்டும். ஆனால் அழைப்பவரின் குரல் மட்டும் அவருக்கே திரும்பிப் போகக் கூடாது. அவர் குரலை மட்டும் கழித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அனுப்பும் இந்த ஏற்பாட்டுக்கு மிக்ஸ்-மைனஸ் என்று பெயர். கைப்பேசி வழியில் ஒலி போய்வரச் சற்று நேரம் பிடிக்கும். அதனால் கழிக்காமல் விட்டால், பேசியவருக்குத் தன் சொற்களே ஒரு கணம் தாமதமாகக் காதில் விழும். எங்கள் முதல் நேரலையில் ஒரு மீனவர் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு, "தம்பி, யாரோ எனக்குப் பழிப்புக் காட்டுகிறார்கள்" என்றார். அது அப்படியே ஒலிபரப்பானது.

மேடை மிக்சரில் இதைச் செய்யவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆக்ஸ் வெளியீட்டை (ஒவ்வொரு வழியிலிருந்தும் வேண்டிய அளவு ஒலியை எடுத்துத் தனியாக வெளியே அனுப்பும் துளை) தொலைபேசிக்குக் கொடுத்து, எல்லா வழிகளின் ஆக்ஸ் குமிழையும் ஏற்றி, தொலைபேசி வழியின் குமிழை மட்டும் சுழியில் வைத்தால் போதும். நாங்களும் அந்தக் குமிழின் மேல் சிவப்பு நாடா ஒட்டினோம். ஆனால் மாலையில் வரும் தன்னார்வலர் தூசி துடைக்கும்போது அதைத் திருப்பிவிடுவார். சிறிய மிக்சர்களில் ஆக்ஸ் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். எதிரொலி விளைவுக்கும் அதுவே பயன்படும். அதில் கைவைத்தால் அழைப்பவருக்கு என்ன போகும் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

டீலரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "தொலைபேசிக்கான மிக்ஸ்-மைனஸ் தானாக அமைகிறதா, நான் கையால் அமைக்க வேண்டுமா?" அவர் பதில் சொல்லாமல் பேச்சை எதிரொலி விளைவுகளின் எண்ணிக்கைக்கு மாற்றினால், அவர் விற்பது மேடை மிக்சர்.

இதோடு இன்னும் மூன்றைக் கேளுங்கள். மைக் திறந்ததும் அறையில் உள்ள ஸ்பீக்கர் தானாக அடங்குகிறதா? அடங்காவிட்டால் ஊளைச் சத்தம் வரும், இல்லையேல் எல்லோரும் நாள் முழுவதும் ஹெட்போனோடு உட்கார வேண்டும். மைக் திறந்ததும் கதவுக்கு மேலே உள்ள சிவப்பு விளக்கு தானாக எரியுமா? எங்கள் பழைய ஏற்பாட்டில் விளக்குக்குத் தனி சுவிட்ச். அதைப் போட மறந்த ஒரு நாளில், தேநீர் கொண்டுவந்தவர் கதவைத் திறந்து பால் விலை பற்றிச் சொன்ன கருத்து ஊருக்கே கேட்டது. மூன்றாவது, ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் தள்ளும் பிடியை) ஏற்றியதும் கணினியில் பாடல் தானாகத் தொடங்குமா? இது இல்லாவிட்டாலும் காலம் தள்ளலாம்.

3. இப்போது பிராண்டுகளை ஒப்பிடுங்கள்

ஒரு பிராண்டை இன்னொரு பிராண்டோடு நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பதில் பயன் குறைவு. முதலில் மிக்சர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், பிறகு கூட்டத்துக்குள் ஒப்பிடுங்கள். விலைகள் எனக்கு வந்த விலைப்புள்ளிகளை ஒட்டியவை. டாலரும் யூரோவும் அசைந்தால் இவையும் அசையும்.

முதல் கூட்டம், மேடை மிக்சர்கள். பெரிங்கர் செனிக்ஸ், யமஹா எம்.ஜி., மேக்கி புரோஎஃப்எக்ஸ், சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர், ஆலன் அண்ட் ஹீத் ஸெட் ஆகிய வரிசைகள். பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் வரை. மதுரையில் நேரில் பார்த்து வாங்கலாம் என்பது இவற்றின் பெரிய பலம். பெரிங்கர் விலையில் வெல்கிறது. யமஹாவின் உடல் உறுதியானது, அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் அதிகம். சவுண்ட்கிராஃப்ட்டும் ஆலன் அண்ட் ஹீத்தும் ஒரு படி மேல். ஒரு பொறி இங்கே இருக்கிறது: யமஹா எம்.ஜி.10 எக்ஸ்.யூ. என்ற பிரபலமான மாதிரியில் வழிகளுக்கு ஃபேடரே கிடையாது, திருகும் குமிழ்தான். பாடலை மெல்ல இறக்கிக்கொண்டே பேச்சை ஏற்ற வேண்டிய அறிவிப்பாளருக்கு இரண்டு குமிழ்களை எதிரெதிராகத் திருகுவது வேதனை. அதே வரிசையின் பன்னிரண்டு வழி மாதிரியில் ஃபேடர் உண்டு.

இரண்டாம் கூட்டம், பாட்காஸ்ட்டுக்காக வந்தவை. ஆஸ்திரேலியாவின் ரோட் நிறுவனத்தின் ரோட்காஸ்டர் புரோ 2, ஜப்பானின் சூம் பாட்ட்ராக் பி4, பி8. ரோட்காஸ்டரில் நான்கு மைக் உள்ளீடு, ஆறு ஃபேடர், எட்டு ஒலிப் பொத்தான்கள். கைப்பேசியை ப்ளூடூத்தில் சேர்த்தால் மிக்ஸ்-மைனஸ் தானாக அமையும். வாட்ஸ்அப் அழைப்பும் எடுக்கலாம். அறுபது முதல் எண்பதாயிரம். கையில் ஒரு லட்சம்தான் இருக்கிறது, நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம்தான் நேரலை என்றால் இதையே வாங்கச் சொல்வேன். குறை என்னவென்றால், தொடுதிரை போனால் எல்லாமே நின்றுவிடும், நம் ஊர்ப் பழுது பார்ப்பவர் அதில் கைவைக்க மாட்டார். சூம் பி4 நிலையத்தின் நடுமிக்சராக இருக்கத் தகுந்ததல்ல. ஆனால் இரண்டு சிறு பேட்டரியில் ஓடுவதால், ஏர்வாடியிலோ தேவிபட்டினத்திலோ கடற்கரையில் உட்கார்ந்து நான்கு பேரோடு பேச்சைப் பதிவுசெய்ய அதைப் போல ஒன்றில்லை.

மூன்றாம் கூட்டம், வானொலிக்கென்றே செய்யப்பட்ட சிறு மிக்சர்கள். நெதர்லாந்தின் டி அண்ட் ஆர், இங்கிலாந்தின் சோனிஃபெக்ஸ், ஸ்பெயினின் ஏ.இ.கியூ., இத்தாலியின் ஆக்சல் டெக், அமெரிக்காவின் ஆராகிஸ் ஆகியவை. ஆலன் அண்ட் ஹீத்தின் எக்ஸ்.பி.-14-2 என்ற மாதிரியையும் இங்கேதான் சேர்க்க வேண்டும். தொலைபேசி வழி, தானாக அடங்கும் ஸ்பீக்கர், விளக்கு இணைப்பு எல்லாம் இவற்றில் பிறவியிலேயே இருக்கும். ஒவ்வொரு வழிக்கும் பெரிய 'ஆன்' பொத்தான் இருக்கும், இருட்டிலும் தடவிப் பார்த்து அழுத்தலாம். ஒலியின் தன்மையை மாற்றும் (ஈக்யூ) குமிழ்கள் குறைவு, அதனால் புதியவர் தடுமாறுவதும் குறைவு. இவற்றில் சில மாதிரிகளில் ஒவ்வொரு வழியும் தனிப் பலகை. ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றலாம். ஒன்றரை லட்சத்தில் தொடங்கி மூன்று, நான்கு லட்சம் வரை. நாங்கள் கடைசியில் எடுத்தது இந்தக் கூட்டத்தில் எட்டு ஃபேடர் கொண்ட ஒன்றைத்தான். வரி, ஸ்பேர், கேபிள் எல்லாம் சேர்ந்து மூன்று லட்சத்தைத் தொட்டது.

நான்காம் கூட்டம், வலைப்பின்னலில் ஓடும் பெரியவை. ஆக்சியா, வீட்ஸ்டோன், லாவோ, டி.எச்.டி. மேசை மேல் இருப்பது கட்டளைப் பலகை மட்டும். ஒலி தனி இயந்திரத்தில் ஓடும், அறைக்கு அறை நெட்வொர்க் கேபிளில் போகும். பல லட்சம் ஆகும். 100 வாட் திறனில் ஒலிபரப்பும் ஒற்றை ஸ்டூடியோ நிலையத்துக்கு இது தேவையில்லை. யாராவது விற்க வந்து 'ஏ.இ.எஸ்.67 இருக்கிறது, எதையும் எதோடும் சேர்க்கலாம்' என்றால், நெட்வொர்க்கில் ஒலி அனுப்புவதற்கான அந்தப் பொதுத் தரம் ஒலியைத்தான் கடத்தும், விளக்கு எரிவது, பாடல் தொடங்குவது போன்ற கட்டளைகளைக் கடத்தாது என்பதை நினைவில் வையுங்கள்.

தாளில் ஒப்பிட்டது போதாது. ஓடிக்கொண்டிருக்கும் நிலையம் ஒன்றில் அனுமதி பெற்று ஒரு மணி நேரம் உட்காருங்கள். நம் கரையிலேயே பாம்பனில் கடல் ஓசை 90.4 இருக்கிறது. மதுரை, சென்னைப் பக்கம் கல்லூரி வானொலிகள் உண்டு. பேசுபவரின் விரல்கள் எந்தப் பொத்தானுக்கு அடிக்கடி போகின்றன என்று பாருங்கள்.

4. உப்புக்குத் தாக்குப்பிடிக்குமா?

கோயம்புத்தூரில் பத்து ஆண்டு ஓடும் மிக்சர் நம் கரையில் ஓடாது. தென்கடலில் காற்று எழும் மாதங்களில் ஜன்னல் கம்பியை நக்கிப் பார்த்தாலே கரிக்கும். அதே உப்பீரம்தான் ஃபேடரின் பிளவு வழியாக உள்ளே இறங்குகிறது. எங்கள் முதல் மிக்சரில் ஐந்தாம் மாதமே ஃபேடரைத் தள்ளும்போது கரகரவென்று சத்தம். ஏழாம் மாதம் ஒரு வழி முழுவதும் ஊமை.

பழுதுக்கு அனுப்பியபோதுதான் 'கேரி-இன்' உத்தரவாதம் என்பதன் பொருள் புரிந்தது. நீங்களே தூக்கிக்கொண்டு போக வேண்டும். ரயிலில் இரவு முழுவதும் அதை மடியில் வைத்தபடி சென்னை போனேன். "உப்பரிப்பு உத்தரவாதத்தில் வராது" என்று இரண்டு நிமிடத்தில் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே வாங்கும் முன் கேளுங்கள்: ஒரு ஃபேடரை மட்டும் மாற்ற முடியுமா? மலிவான மிக்சர்களில் எல்லா வழிகளும் ஒரே பெரிய பலகையில் இருக்கும். ஒரு ஃபேடருக்காக அத்தனை குமிழ்களையும் கழற்ற வேண்டும். மின்வழங்கி வெளியே தனியாக இருக்கிறதா? இருந்தால் ஒன்று உபரியாக வாங்கிவிடலாம். ஃபேடர் இரண்டு, மின்வழங்கி ஒன்று ஆகியவற்றை மிக்சரோடு சேர்த்தே விலைப்புள்ளியில் போடச் சொல்லுங்கள். பிறகு தனியாகக் கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

வந்த பிறகு செய்ய வேண்டியவை: ஒலிபரப்பு முடிந்ததும் பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். மேசைக்கு அடியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வையுங்கள். அவை ஈரம் குடித்ததும் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். ஏ.சி.யை 18-இல் வைத்துக் குளிரவைத்துவிட்டு, மின்சாரம் போனதும் கதவைத் திறந்து வைக்கும் வழக்கம் ஆபத்தானது. குளிர்ந்த உலோகத்தின் மேல் கடற்காற்று பட்டால் வியர்க்கும். 26-இல் வைத்தால் போதும். கரகரப்பு வந்தால் ஃபேடருக்கென்றே விற்கும் சுத்திகரிப்புத் திரவத்தை மட்டும் தெளியுங்கள். படகு எஞ்சினுக்கு அடிக்கும் துருநீக்கியை அடித்தால் அன்றைக்குச் சரியாகும், அடுத்த வாரம் ஃபேடர் மொத்தமாகப் போய்விடும். (அடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.)

5. விலைப்புள்ளியும் ஆவணங்களும்

ஒரே மாதிரிக்கு மூன்று டீலர்களிடம் எழுத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள். நன்கொடையிலோ உதவித்தொகையிலோ வாங்குவதாக இருந்தால், தணிக்கையாளர் முதலில் கேட்பது இதைத்தான். அதற்கு முன் தேதியிட்ட அறக்கட்டளைத் தீர்மானம் ஒன்று இருக்க வேண்டும். தீர்மானத்தில் 'மிக்சர்' என்று மட்டும் எழுதாமல், 'வானொலி நிலையத்துக்கான ஒலிக்கலவைக் கருவி' என்று எழுதுங்கள். காரணம் உங்களுக்கே தெரியும்.

விலைப்புள்ளியில் பார்க்க வேண்டியவை:

ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்ந்ததா, சேராததா? சேராத விலையைச் சொல்லி ஆசைகாட்டுவது வழக்கம். உங்கள் அறக்கட்டளைக்கு ஜி.எஸ்.டி. பதிவு இல்லையென்றால் அந்த வரி திரும்ப வராது, முழுச் செலவுதான்.

உங்கள் ஊர் வாசல் வரை கொண்டுவரும் செலவும் காப்பீடும் யாருடையவை? 'மதுரை வரை' என்று எழுதியிருந்தால், மீதித் தூரத்தில் உடைந்தது உங்கள் தலையில். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வேறு மாநிலத்திலிருந்து வந்தால், சரக்குப் பயணத்துக்கான இ-வே பில் என்ற மின்-ஆவணம் வேண்டும். அதை அனுப்புபவரே எடுக்கச் சொல்லுங்கள்.

அங்கீகாரம் பெற்ற டீலர் என்பதற்கான கடிதம் இருக்கிறதா? உத்தரவாதம் இந்தியாவில் செல்லுபடியாகுமா? வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் கொண்டுவரும் யோசனை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. சுங்கவரியும் அதன் மேல் இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.யும் (ஐ.ஜி.எஸ்.டி.) கட்டியபின் மிச்சம் பெரிதாக இல்லை, உத்தரவாதமும் போய்விடும். ப்ளூடூத் உள்ள கருவியை இறக்குமதி செய்து விற்பவர் அதற்கு இ.டி.ஏ. என்ற, கம்பியில்லாக் கருவிகளுக்கான அரசுச் சான்று வைத்திருக்க வேண்டும். அந்தத் தலைவலி டீலருடையதாகவே இருக்கட்டும்.

முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். கருவியின் வரிசை எண் ரசீதில் இருக்க வேண்டும். அது வந்த அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

6. எந்த மாதத்தில் வாங்குவது?

முதல் இரண்டு கூட்டங்கள் ஒரு வாரத்தில் கைக்கு வரும். மூன்றாம் கூட்டம் ஆர்டரின் பேரில் வருவது. ஆறு வாரம் என்று சொன்னார்கள், எங்களுக்குப் பத்து வாரம் ஆனது. மிக்சர் மாற்றும்போது இரண்டு மூன்று நாள் ஒலிபரப்பு தடுமாறும். எனவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக் காலத்தில் மாற்றுங்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அதிகாலைக் காற்று, அலை அறிவிப்புக்காக உங்களை நம்பியிருப்பவர்கள் அப்போது நாட்டுப்படகுக்காரர்கள் மட்டுமே, அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதற்கு ஜனவரி இறுதியிலேயே ஆர்டர் போக வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொடவே வேண்டாம். புயல் எச்சரிக்கை நாளில் அரைகுறை இணைப்போடு உட்காருவது போன்ற கொடுமை வேறில்லை.

7. மின்சாரமும் இணைப்பும்

சுருக்கமாகச் சொல்கிறேன். 'ஆன்லைன்' வகை (எப்போதும் தன் வழியாகவே சீரான மின்சாரம் தரும்) யூ.பி.எஸ். வாங்குங்கள், மிக்சரையும் கணினியையும் மட்டும் அதில் கொடுங்கள். எர்த் குழியை எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள். மணல் நிலத்தில் கோடையில் அது காய்ந்து கிடக்கும், தண்ணீர் ஊற்ற வேண்டும். டிரான்ஸ்மிட்டர் அடுத்த அறையில் இருந்தால் மைக், வெளியீடு எல்லாம் எக்ஸ்.எல்.ஆர். கேபிளில்தான் போக வேண்டும். 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். மடிக்கணினிக்கும் மிக்சருக்கும் நடுவில், ஒலிக் கேபிளில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் தீரும்.

8. பெட்டி வந்த அன்று

பிரிப்பதைக் கைப்பேசியில் இடைவிடாமல் காணொளி எடுங்கள். உள்ளே ஏதாவது உடைந்திருந்தால் காப்பீட்டுக்கு அதுவே சான்று. பிறகு டிரான்ஸ்மிட்டரோடு இணைக்காமல், நான்கு மணி நேரம் ஓடவிடுங்கள். ஒவ்வொரு ஃபேடரையும் ஒலியோடு மேலும் கீழும் இருபது முறை தள்ளுங்கள். ஹெட்போன் துளைகள் எல்லாவற்றையும் சோதியுங்கள். மிக்சரில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் விருந்தினருக்குத் தனி ஹெட்போன் பெருக்கி வேண்டும், அது இன்னொரு செலவு.

கடைசியாக, தெரிந்த ஒருவரைப் படகிலிருந்து அழைக்கச் சொல்லுங்கள். அறைக்கு வெளியே நின்று சோதித்தால் போதாது. எஞ்சின் சத்தமும் விட்டுவிட்டு வரும் சிக்னலும் வேண்டும். ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுங்கள். அவர் தயங்காமல் பேசிக்கொண்டே போனால் மிக்ஸ்-மைனஸ் சரியாக இருக்கிறது. "உங்கள் குரல் உங்களுக்கே கேட்கிறதா?" என்றும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள், பலர் மரியாதைக்காகச் சொல்ல மாட்டார்கள். இந்தச் சோதனை முடியும் வரை மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

பழைய மிக்சர் இருந்தால் விற்காதீர்கள், எடைக்குப் போட்டால்கூடப் பெரிதாகக் கிடைக்காது. எங்களுடையதில் இன்னும் மூன்று வழிகள் உயிரோடு இருக்கின்றன. ஒரு மைக், ஒரு கணினிக் கேபிள், டிரான்ஸ்மிட்டருக்கான கேபிள் மூன்றையும் அதோடு கட்டி, மூடியுள்ள பெட்டியில் அலமாரிக்கு மேல் வைத்திருக்கிறோம். புதியது நின்றுபோனால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். பெட்டியின் மேல் பொருளாளர் கைப்பட எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறது: 'மிக்சர் - தின்பதற்கு அல்ல.'